வாய்க்கால் உண்டு, வடிகால் இல்லை

உதாரணம் சொல்லிப் பாடம் நடத்துகிற டீச்சர் என்று பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. மின்னோட்டம் என்றால் மேல்நிலைத் தொட்டியும் குழாயும். செல் என்றால் பள்ளிக்கூடம், அதன் உட்கரு தலைமை ஆசிரியர் அறை. வெள்ளை அணுக்கள் என்றால் எல்லைக் காவல் படை. சில பிள்ளைகள் விடைத்தாளில்கூட என் தொட்டியை வரைந்து வைத்துவிடுவார்கள். இத்தனையிலும் உவமையைச் செய்பவள் நானாகவே இருந்தேன், பிள்ளைகள் அதை வாங்கிக்கொள்பவர்களாகவே இருந்தார்கள். இந்த ஏற்பாட்டில் கேட்பதற்கு ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பி.எட். படித்தபோது ‘சினெக்டிக்ஸ்’ என்று ஒரு கற்பித்தல் மாதிரியை உருப்போட்டிருந்தேன். புரூஸ் ஜாய்ஸும் மார்ஷா வெயிலும் 1972இல் வெளியிட்ட ‘கற்பித்தல் மாதிரிகள்’ நூல் வழியாக அது நம் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வந்தது. நேரடி ஒப்புமை, தன்னையே பொருளாக வைத்துப் பார்க்கும் ஒப்புமை, முரண் சொற்களைச் சேர்ப்பது என்று படிநிலைகளை வரிசையாக எழுதினால் மதிப்பெண் விழும். எழுதினேன், விழுந்தது. அது உண்மையில் வகுப்பறையில் பிறந்த முறையே இல்லை என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், ஆர்தர் டி. லிட்டில் என்ற ஆலோசனை நிறுவனத்தில் புதுப் பொருள்களை வடிவமைக்கும் குழுவில் இருந்த வில்லியம் கோர்டன், கண்டுபிடிப்பாளர்கள் கூடிப் பேசும்போது என்ன நடக்கிறது என்று கவனித்து உருவாக்கிய முறை அது. 1960இல் ஜார்ஜ் பிரின்ஸுடன் சேர்ந்து தனி நிறுவனம் தொடங்கினார், மறு ஆண்டு புத்தகம் எழுதினார். அதாவது, கைக்கு அகப்படாத ஒரு பிரச்சினையை நாலு பேர் உட்கார்ந்து தீர்ப்பதற்கான வழி. நாங்களோ அதை ஐந்து மதிப்பெண் வினாவாகப் படித்தோம்.

என் பள்ளி காவிரி டெல்டாவின் கடைப்பகுதியில் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை. மதிய மணி அடித்ததும் சத்துணவுக் கூடத்துப் பக்கவாட்டில் இருக்கும் கைகழுவும் தொட்டியில் ஒரு போர் நடக்கும். சிமெண்டுத் தொட்டி, ஆறு குழாய், அதில் ஒன்று எப்போதும் பழுது. தட்டைக் கழுவிச் சோறு வாங்க வருகிறவர்கள், தின்று முடித்துத் தட்டைக் கழுவ வருகிறவர்கள், தண்ணீர் குடிக்க வருகிறவர்கள், வேலையே இல்லாமல் வருகிறவர்கள். சின்னப் பிள்ளைகள் நசுங்குவார்கள். ஈரத் தரையில் வழுக்கி விழுந்து ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குத் தாடையில் தையல் போட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஆசிரியர் கூட்டத்தில் பேசினோம். குழாயைக் கூட்டலாம், அதற்குப் பணமில்லை. ஓர் ஆசிரியரை நிறுத்தலாம், அவரும் சாப்பிட வேண்டாமா? பி.டி. சார் விசிலோடு நின்று பார்த்தார், அவர் விடுப்பு எடுத்த நாளில் பழைய கதைதான். “ஒன்பதாம் வகுப்பை வச்சு ஏதாச்சும் பண்ணுங்க டீச்சர்” என்று தலைமை ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிட்டார்.

சும்மா கேட்டுப் பார்ப்போமே என்று முதலில் நேராகவே கேட்டேன். குழாய் கூட்டணும், பி.டி. சார் நிக்கணும், தள்ளுறவங்களுக்கு ஃபைன் போடணும், பொண்ணுங்களை முதல்ல விடணும். கடைசி யோசனைக்கு மட்டும் கைதட்டல், பாதி வகுப்பிடமிருந்து. மற்றபடி ஆசிரியர் கூட்டத்தில் நாங்கள் பேசியதையே பிள்ளைகளும் பேசினார்கள். பிரச்சினையை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் ஏற்கெனவே தெரிந்த விடைதான் மறுபடி மறுபடி வரும் என்று கோர்டன் சொல்வதன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த நாள் இரண்டு பாடவேளைகளைக் கடன் வாங்கினேன். “இனிமே குழாய், தட்டு, சோறு, வரிசை இந்த வார்த்தையெல்லாம் யாரும் சொல்லக் கூடாது. நிறைய இருக்கிற ஒண்ணு குறுகலான இடத்து வழியா போகணும். அது எங்கெல்லாம் நடக்குது? அதைச் சொல்லுங்க” என்றேன்.

ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் மனதில் என்ன விடை இருக்கிறது என்று பிள்ளைகள் என் முகத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து ஓர் உதாரணத்தைப் போட்டுவிட எனக்குத் துடித்தது. அதுதானே என் தொழில். எப்படியோ அடக்கிக்கொண்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “ரேஷன் கடை” என்றான். அப்புறம் மடை திறந்துகொண்டது. வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல், டோல்கேட், மணல் சலிக்கிற சல்லடை, எறும்பு, பன்னீர் பாட்டில், கொள்முதல் நிலையத்தில் கிடக்கிற நெல் மூட்டை. “அது எங்க டீச்சர் போவுது, அங்கேயே மழையில முளைக்குது” என்று ஒருத்தி சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

எல்லா உவமையும் உருப்படியாக வரவில்லை. கோயிலை எடுத்துக்கொண்ட குழு, சிறப்பு தரிசனத்துக்கு ஐந்து ரூபாய்ச் சீட்டு என்பதில் போய் நின்றது. வசூலாகும் பணத்தில் குழாய் போடலாமாம். வாதத்தில் பிழை காண முடியவில்லை, ஆனாலும் கைவிடச் சொன்னேன்.

“இப்ப நீதான் குழாய்னு வச்சுக்க. உனக்கு என்ன தோணுது?” என்று கேட்பது இரண்டாம் படி. ஒன்பதாம் வகுப்புக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியுமோ என்று பயந்தேன். ஒரு பையன் எழுந்து, கையை மடக்கி மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு, “நான் ஓடிக்கிட்டேதான் இருக்கேன் டீச்சர், ஆனா பாதி நேரம் என் கீழே தட்டே இல்ல” என்றான். அவன் குழாயாக நடித்தபோது எல்லோரும் சிரித்தோம். அந்த வாக்கியத்துக்குள் விடையில் பாதி இருந்தது என்பதை அப்போது ஒருவரும் பிடிக்கவில்லை.

மதகை எடுத்தது நாலாவது குழு. கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு, எது எதற்குச் சமம் என்று எழுதச் சொன்னேன். தண்ணீர் என்றால் பிள்ளைகள். ஷட்டர் என்றால் மணி. ஷட்டரைத் திருகுகிற லஸ்கர், நம்ம பி.டி. சார். தலைமடை, தொட்டிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற பத்தாம் வகுப்பு. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், அவள் அம்மா நடவுக்குப் போகிறவர், “கடைமடை, ஆறாவது” என்றாள். அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தாலும் தங்கள் வயலுக்கு வந்துசேர எத்தனை நாள் ஆகிறது என்பதை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். ஆறாம் வகுப்பு கடைமடை என்றதும், அதுவரை சின்னப் பசங்க தொல்லை என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

அதற்குமேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். தண்ணீர் பற்றாத காலத்தில் முறை வைத்து விடுவார்கள். முறைப்பாசனம். அப்படியானால் வகுப்புக்கு ஒரு மணி, ஐந்து நிமிட இடைவெளி. பலகையில் அதை எழுதக் கை நீண்டுவிட்டது. அப்போது ஒரு பையன் சொன்னான்: “ஆனா தண்ணி திரும்பி வராதுல்ல டீச்சர்? நாங்க கழுவிட்டுத் திரும்பி வரணும்ல.”

‘உவமையை ரொம்ப இழுக்கக் கூடாதுப்பா’ என்ற வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் வைத்திருக்கிற வாக்கியம் அது. தொட்டியும் குழாயும் வரைந்த காலத்தில் எத்தனை பேரை அதைச் சொல்லி உட்கார வைத்தேனோ. அதற்குள் கடைமடைப் பெண் முந்திக்கொண்டாள். “தண்ணி வந்த வழியில திரும்பாது. வடிகால்ல போவும்.” அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் யோசிக்காமலே முடித்தாள்: “நம்ம ஸ்கூல்ல வாய்க்கா இருக்கு, வடிகால் இல்ல டீச்சர்.”

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இது சமதளமான பூமி. வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது எவ்வளவு முக்கியமோ, மழைக்காலத்தில் நின்ற தண்ணீரை வெளியேற்றுவது அதற்குக் குறையாத முக்கியம். வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டி அடைத்துக்கொண்டால் தண்ணீர் வயலிலேயே தேங்கி இளம்பயிர் அழுகிப் போகும். மதகில் எத்தனை ஷட்டர் இருந்தாலும் அதற்கு உதவாது.

மறுநாள் மதியம் நாலு பேரை மாடி வராந்தாவில் நிறுத்திப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். கூட்டம் தொட்டியில் இல்லை, சமையல் கூடத்து மூலையில் இருக்கிறது. கழுவிய தட்டோடு திரும்புகிறவர்களும் கழுவப் போகிறவர்களும் ஓர் ஆள் அகலச் சந்தில் முட்டிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் இரண்டு குழாய்கள் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் குழாய் போதவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருந்த பள்ளி அது!

தொட்டிக்கு அந்தப் பக்கம், மதில் சுவரை ஒட்டி ஒரு வழி இருந்தது. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு அடைத்திருந்தோம். எடுப்பது எளிதாக இல்லை. பெஞ்சு உடைந்தாலும் இருப்புப் பதிவேட்டில் உயிரோடு இருக்கிறது, வளாகத்தை விட்டு வெளியே அனுப்ப முடியாது. கடைசியில் மேடைக்குப் பின்னால் மாற்றி அடுக்கினோம். வருகிற வழி ஒன்று, போகிற வழி ஒன்று. சுண்ணாம்பில் அம்புக்குறி போட்டதும் பிள்ளைகளே. தள்ளுமுள்ளு அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். பசித்த பிள்ளைகள் பசித்த பிள்ளைகள்தான். ஆனால் மூலையில் நசுங்குவது நின்றது, ஆறாம் வகுப்பு சோற்றுக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஐப்பசி மழையில் அந்தப் பின்வழி சேறாகிவிடுகிறது, அதற்கு இன்னும் விடை இல்லை.

இதெல்லாம் நடந்த பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. வயிற்றில் ஒரு கட்டி. கதிரைப் பாய்ச்சி அழிக்கலாம், ஆனால் கட்டியை அழிக்கிற வலிமையுள்ள கதிர் வழியில் உள்ள நல்ல தசையையும் அழித்துவிடும். என்ன செய்வது? ஜெர்மன் உளவியலாளர் கார்ல் டுங்கர் தந்த பழைய புதிர் இது. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களைச் செலுத்தி, கட்டியில் ஒன்றுசேரச் செய்வது விடை. தானாகக் கண்டுபிடிப்பவர்கள் பத்தில் ஒருவர்தான். இதற்கு முன்னால் ஒரு கதை சொல்லப்படுகிறது: கோட்டைக்குச் செல்லும் எல்லாப் பாதைகளிலும் கண்ணிவெடி, பெரும்படை போனால் வெடிக்கும், தளபதி படையைச் சிறு சிறு பிரிவாக்கிப் பல பாதைகளில் அனுப்பிக் கோட்டையில் ஒன்றுசேர்க்கிறான். கதையைக் கேட்டவர்களிலும் தாமாகவே அதைப் புதிருக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் பத்தில் மூன்று பேர் அளவுக்குத்தான். ‘அந்தக் கதை உதவலாம்’ என்று ஒரு வரி சொன்னதும் முக்கால்வாசிப் பேருக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆக, உவமை கையில் இருப்பது மட்டும் போதாது. அதைக் கொண்டுவந்து பிரச்சினையின் பக்கத்தில் வைத்து, எது எதற்குச் சமம் என்று ஒருவர் கேட்டாக வேண்டும். ஆசிரியர் செய்ய வேண்டியது அந்த ஒரு வேலையைத்தான். அதே இருவர் 1983இல் இன்னொன்றும் காட்டினார்கள். ஒரு கதைக்குப் பதிலாக இரண்டு கதைகளைக் கொடுத்து ஒப்பிடச் சொன்னால் பொதுவான அமைப்பு பளிச்சென்று பிடிபடுகிறது. எங்கள் வகுப்பிலும் எறும்புக் குழு உதவியது. போகிற எறும்பும் வருகிற எறும்பும் ஒரே கோட்டில் முட்டிக்கொண்டாலும் நெரிசல் ஆவதில்லை, ஏன் என்று அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மதகும் எறும்பும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால்தான் பேச்சு போகும் வழி, வரும் வழி என்று திரும்பியது.

தொலைவான உவமையைத் தேடு என்பது கோர்டன் சொல்லும் வழி. என் அனுபவத்தில் அதற்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. உவமை பிரச்சினைக்குத் தொலைவில் இருக்கலாம், பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அடுத்த பருவத்தில் எட்டாம் வகுப்பில், நூலகப் புத்தகங்கள் திரும்பி வராத பிரச்சினைக்கு அமேசான் காட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பாடத்தில் அப்போது காடுகள் நடந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் பாடப் புத்தகத்தின் வரிகளை அப்படியே ஒப்பித்தார்கள். அங்கே அவர்களுக்குத் தெரிந்த மரம் ஒன்றுகூட இல்லை.

உவமைக்கு ஆபத்தான பக்கமும் இருக்கிறது. இதை யாரும் பி.எட்.டில் சொல்லித் தரவில்லை. வகுப்புச் சத்தத்தைப் பற்றிப் பேசியபோது ஒரு குழு வகுப்பை வயலாக்கியது. நல்லதுதான் என்றிருந்தேன். “களை எடுக்கணும் டீச்சர்” என்றான் ஒருவன். சொல்லும்போது அவன் கண்ணும், அவனோடு இன்னும் பல கண்களும், குறிப்பிட்ட ஒரு தெருவிலிருந்து வருகிற பையன்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போயின. களை என்று பெயர் வைத்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வேறு விடையே அதற்குள் கிடையாது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் டொனால்ட் ஷோன் 1979இல் வெளியான ஒரு கட்டுரையில் எழுதியதும் இதையேதான். குடிசைப் பகுதியை நோய் என்று அழைத்தால் வெட்டி எறியத் தோன்றும், இயல்பாக வளர்ந்த சமூகம் என்று பார்த்தால் பேணத் தோன்றும். அதே கட்டுரையில் ஒரு நல்ல உதாரணமும் தருகிறார். செயற்கை இழைத் தூரிகை ஏன் சரியாகப் பூசவில்லை என்று திணறிய குழுவில் ஒருவர், தூரிகை என்பது ஒரு பம்பு அல்லவா என்றாராம். அதுவரை இழைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இழைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைப் பார்க்கத் தொடங்கினார்கள். பிரச்சினைக்கு நாம் வைக்கும் பெயரிலேயே தீர்வும் தண்டனையும் ஒளிந்திருக்கின்றன.

அன்றைக்கு நான் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பார்வை மட்டும் தரைக்குப் போயிருக்கும். “வயல்ல எது களைன்னு யார் சொல்றது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சலசலப்பு. சமீபத்தில்தான் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண், “ஆரைக்கீரையும் களைதான் டீச்சர். எங்க ஆயா பறிச்சு வந்து கடைவாங்க” என்றாள். நெல் வயலில் நாலு இலை விரித்து நிற்கும் ஆரைக்கீரை உழவருக்குக் களை, அவள் வீட்டில் மதியக் குழம்பு. பேச்சு அங்கிருந்து வேறு பக்கம் போனது. அந்தப் பெஞ்சுப் பையன்களை நம் நிகழ்ச்சிகளில் எதற்குமே கூப்பிடுவதில்லையே என்று அவர்களாகவே வந்து சேர்ந்தார்கள். எல்லா உவமைக்கும் இப்படி ஒரு மீட்பு கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இப்போதும் மின்னோட்டத்துக்குத் தொட்டியும் குழாயும் வரைகிறேன். ஆனால் வரைந்து முடித்ததும், இது எங்கே பொருந்தாமல் போகிறது என்று கேட்டு நிறுத்திக்கொள்கிறேன். “குழாய் உடைஞ்சா தண்ணி கொட்டுது, ஒயர் அறுந்தா கரண்ட் கொட்டலையே டீச்சர்?” என்பது இந்த ஆண்டு வந்த கேள்வி. மூடிய சுற்று என்பதை அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இது குறித்து டெட்ரே ஜென்ட்னர், டொனால்ட் ஜென்ட்னர் இருவரும் 1983இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். மின்சாரத்தைத் தண்ணீராக நினைத்தவர்கள் மின்கலங்களை இணைக்கும் கணக்குகளில் தேறினார்கள், வாசல் வழியே போகும் கூட்டமாக நினைத்தவர்கள் மின்தடைக் கணக்குகளில் தேறினார்கள். ஒரே உவமையைக் கட்டிக்கொண்டு எல்லாக் கணக்கையும் போட முடியாது.

இதைச் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். பள்ளியில் தினமும் எல்லோரும் அலுத்துக்கொள்கிற ஒன்றை எடுங்கள், சைக்கிள் நிறுத்துமிடம், கழிப்பறைச் சாவி, காணாமல் போகும் சாக்பீஸ், எதுவானாலும் சரி. ஒரு பாடவேளைக்குள் முடிக்கப் பார்க்காதீர்கள். உங்களிடம் நல்ல உவமை ஒன்று தயாராக இருந்தால் அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சில நிமிடங்களை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.